இடப்பக்கம் திரும்பாத வண்டி

அந்த வீட்டில் எந்தச் சண்டையும் வாயால் தீர்ந்ததில்லை. கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பழைய ரகம். டி.வி.யோடு மாட்டி, கேசட்டைப் போட்டு, அது கீச்கீச்சென்று கத்தி ஓய்கிறவரை காத்திருந்தால் ஓர் ஆட்டம் வரும். இரண்டு பீரங்கி வண்டிகள், நடுவில் நாலைந்து சுவர்கள், ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். ஆட்டத்தின் மணி அடிப்பதற்குள் யார் மற்றவர் வண்டியை அதிகம் சுட்டார்களோ அவர் பேச்சுதான் செல்லும். சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது, உறவுக்காரர்கள் வந்தால் எத்தனை நாள் தங்கவிடுவது, குழந்தை இல்லையென்று இன்னொரு டாக்டரைப் பார்ப்பதா வேண்டாமா, எல்லாம் அந்தத் திரையில்தான் முடிவானது. கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். பேசிப் பேசியே பிரிந்துபோனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவள். இப்படி ஒரே வீட்டில் ஆளுக்கொரு சோல்டரிங் அயர்ன் இருந்தால் ஆட்டம் ஒழுங்காகவா நடக்கும்? முதல் வருஷமே திருட்டு ஆரம்பித்துவிட்டது. தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஏமாற்றலாம். ஆனால் ஏமாற்றும் கருவியைத் தன் கையால் செய்திருக்க வேண்டும். மணி அடிப்பதற்குள் மற்றவர் கண்டுபிடித்துவிட்டால் தோல்வி. கண்டுபிடிக்காவிட்டால், ஆட்டம் முடிந்ததும் கருவியைக் கழற்றிக் காட்டிவிட வேண்டும்.

அவர் செய்ததெல்லாம் பூதம் பூதமாக இருக்கும். காலிங்பெல்லுக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலை வைத்து, சுடும் பொத்தானை விடாமல் அமுக்க ஓர் இரும்பு விரல் செய்தார். அது அமுக்கிய அமுக்கில் பொத்தான் உள்ளே போனதுதான் மிச்சம். இன்னொரு முறை ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு பெட்டி கட்டி மேசைக்கடியில் ஒளித்து வைத்தார். அதன் குமிழைத் திருப்பினால் கம்ப்யூட்டரே நின்று நின்று ஓடும், அவள் வண்டி நத்தையாய் ஊரும் என்று கணக்கு. அவருடைய வண்டியும் கூடவே ஊர்ந்தது. அதை யோசிக்கவேயில்லை மனுஷர். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வெளிச்சத்தை உணரும் சின்னக் கண் ஒன்றைத் திரையின் மூலையில் ஒட்டி வைத்தாள். அவர் வண்டி அந்த மூலைக்கு வந்தால் அவள் பீரங்கி தானே சுடும். அவர் அந்த மூலைப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். அவர் எதைச் செய்தாலும் அதற்குள் லிஃப்டில் கழற்றிய ரிலே ஒன்று, கரண்ட் வந்தால் தானே மாறும் சுவிட்ச், இருக்கும். அது 'டக்'கென்று சொல்லும். அவள் காதுக்கு அது போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள். அவள் செய்வதோ தலைமுடி தடிமன் கம்பியில், கண்ணுக்கே தெரியாது. அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் எறும்பு.

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. மூன்றாவதும் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். செய்தால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடவும் கூடும். செய்யாவிட்டால் வலிக்கு மருந்தோடு வீட்டில் இருக்கலாம், நாள் குறைவுதான். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அவர் வேண்டாம் என்றார். அவள் வேண்டும் என்றாள். ஏன் வேண்டும் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. சமைத்தாள், மாத்திரை கொடுத்தாள், கடைக்குப் போய்க் கருவிகளைப் பழுது பார்த்தாள். சாப்பாட்டில் உப்பில்லை என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய அக்கா வேறு தினமும் போன் செய்து, எப்படியாவது தம்பியைச் சம்மதிக்க வை, நீ நினைத்தால் முடியும் என்று அழுதாள். நாத்தனார் அழ அழ, இவள் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் சரி அண்ணி, சரி அண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லி வைத்தாயிற்று. அவர்தான் பேச்சை எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை ஆடிவிடலாம் என்று. அவள் ஜெயித்தால் ஆபரேஷன். அவர் ஜெயித்தால் படுக்கையை ரத்து செய்துவிட வேண்டும். இத்தனை வருஷமும் எல்லாவற்றுக்கும் அதுதானே வழி. இதற்கு மட்டும் வேறு வழிக்கு எங்கே போவது?

ஜெயிப்பதற்கான கருவி அவள் மனதில் தயாராகவே இருந்தது. ஆனால் அன்று காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது அவர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். முடிந்ததும் துண்டை எடுத்து, புது சோப்பா, வாசனையாக இருக்கிறதே என்றார். அவள் ஆமாம் என்றாள். கை கழுவினாள். அழுகை எதுவும் வரவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து சோல்டரிங் அயர்னைச் சூடாக்கியவள், நினைத்து வைத்திருந்ததைச் செய்யவில்லை. தான் தோற்பதற்கு ஒரு கருவி செய்தாள்.

தோற்பதற்குக் கருவி எதற்கு, வேண்டுமென்றே தப்பாக ஆடினால் போதாதா என்றால், போதாது. அவள் கை எப்படி ஆடும் என்பது அவருக்கு அத்துப்படி. கை பொய் சொன்னால் மறு நிமிஷமே ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுவார். கை ஒழுங்காக ஆட வேண்டும், கருவி காலை வாரிவிட வேண்டும். அதனால் தன் ஜாய்ஸ்டிக் வயரின் பிளக்குக்குள் கடுகு அளவில் ஒன்றை வைத்தாள். பொத்தானை அமுக்கினால் குண்டு உடனே போகாது. ஒரு கண்சிமிட்டல் தாமதித்துப் போகும். ஓடுகிற வண்டியைத் தவறவிட அது தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தாள். கேசட் கத்தி முடித்தது. வழக்கப்படி ஜாய்ஸ்டிக்குகளை மாற்றிக்கொண்டு சோதித்தார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். அவள் அவருடையதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். எந்தச் சத்தமும் இல்லை. பாவம், எதுவும் செய்ய உடம்பில் தெம்பு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. அவள் குறி பார்த்துச் சுட்டாள். குண்டு அவர் வண்டியின் வாலை உரசிக்கொண்டு சுவரில் போய் விழுந்தது. அவர் பதிலுக்குச் சுட வேண்டிய இடத்தில் சுடவில்லை. அவர் வண்டி வலது பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றபோது அவள் வண்டி வேறெங்கோ போயிருந்தது. மருந்து மயக்கம் என்று நினைத்து, அவர் வண்டிக்கு இடப்பக்கத்திலேயே போய் நின்றுகூடப் பார்த்தாள். அதற்கும் அவர் வலது பக்கமாகத்தான் சுற்றி வந்தார். அதற்குள் சும்மா நிற்பதாகத் தெரிந்துவிடுமே என்று அவள் நகர வேண்டியதாயிற்று. மணி அடித்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

இப்படி ஒருநாளும் ஆனதில்லை. மறுபடி ஆடினார்கள். மறுபடியும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து சுவர்களைச் சுட்டுத் தள்ளியிருந்தன. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வலியில் போய் முடிந்தது.

"கழட்டு, பாப்போம்," என்றார்.

பிளக்கைத் திறந்து காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது உன் குண்டைத்தானே லேட் பண்ணுது?"

"ஆமா."

அவர் தன்னுடைய ஜாய்ஸ்டிக்கை நீட்டினார். இரண்டு ஆட்டம் ஆடிய களைப்பில் திருகாணிகளைக் கழற்றும் வலு அவர் விரலில் இல்லை, அவள்தான் கழற்றினாள். உள்ளே ரிலே இல்லை, காயில் இல்லை. இடப்பக்கத் தகடுகளுக்கு நடுவே மாத்திரை அட்டையில் கிழித்த ஒரு துண்டு செருகியிருந்தது. அவ்வளவுதான். இடது பக்கம் என்ன தள்ளினாலும் வண்டி திரும்பாது. ஆயுளில் முதல் தடவையாக அவர் சத்தமில்லாத கருவி ஒன்று செய்திருந்தார், அதுவும் தோற்பதற்காக.

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க?" என்றாள்.

"எனக்கு வேணாம்தான். ஆனா நான் போன பிறகு, அதைப் பண்ணியிருந்தா இருந்திருப்பாரோன்னு நெனச்சு நெனச்சே நீ கெடப்பே. அதான், நீயே ஜெயிச்சுட்டுப் போன்னு விட்டேன். உனக்கு என்ன வந்தது?"

"துண்டைக் கடிச்சீங்களே, பாத்தேன்."

அதற்குப் பிறகு இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பழக்கமே இல்லையே. வழக்கமாக இந்நேரம் ஒருவர் ஜெயித்திருப்பார், மற்றவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போயிருப்பார். திரையில் இரண்டு வண்டிகளும் அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக நின்றன. இன்னொரு தடவை ஆடலாமா என்று அவள் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஆட்டம் வேணாம், எறும்பு. எனக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியும். ஆனா நானா முடிவு பண்ணிட்டேன்னு இருக்கக் கூடாது. மெஷின் சொல்லுச்சுன்னும் இருக்கக் கூடாது. உன் வாயால சொல்லு."

சொல்வதற்கு இரண்டே வார்த்தைதான். அதற்கு இவ்வளவு நேரமா ஆகும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள், கட்டிலின் காலைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் வேணாம்," என்றாள்.

அவர் சரி என்றார். கண்ணை மூடிக்கொண்டார், கண்ணோரத்தில் நீர் இறங்கியது. அவளுக்கு வரவில்லை. வராதது அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவர் பெயரையும் ஃபைல் நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் படுக்கையை ரத்து செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் நன்றி சொன்னாள். இவளும் நன்றி சொன்னாள்.

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. நாத்தனார். என்ன முடிவாயிற்று என்று கேட்டாள். ரத்து செய்தாயிற்று என்று இவள் சொன்னாள். அந்தப் பாழாய்ப்போன ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தானா என்று நாத்தனார் கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் அதோடு போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் பழியை அந்த ஆட்டம்தான் சுமந்திருக்கிறது. நாத்தனாரும் தம்பியைத் திட்டி, ஆட்டத்தைத் திட்டி, அழுது ஆறிப்போவாள். அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல அண்ணி. ஆட்டத்துல யாரும் ஜெயிக்கல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீயா? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

எப்படி வந்தது என்று அவளும் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல அண்ணி."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அவளும் ரிசீவரை வைத்தாள்.

"எறும்பு," என்று உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கும் போலிருக்கிறது. "நான் ஜெயிச்சேன்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஜெயிக்கலையே," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.