மிச்சக் கஷாயம்

1

இது கதையாக ஆரம்பிக்கவில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு இயற்கைப் பூச்சிமருந்து பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு தோட்டக் குழு கேட்டது. உட்கார்ந்தேன். முதல் வரி: "இயற்கை மருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை." எழுதியதும் அடித்தேன். பச்சைப் பொய். அதை நம்புகிற ஒருத்தியைக் காட்டினால்தான் உறைக்கும் என்று இருதயம்மாளை உண்டாக்கினேன்.

2

மஞ்சு இறங்கிய ஒரு காலையில், மலையோரத்தில்... (வேண்டாம். இந்த மலையில் மூடுபனி இறங்காத காலை எது?)

இருதயம்மாளுக்குக் கையகல நிலம். கொஞ்சம் ஏலச்செடி, ஓரத்தில் அவரைப் பந்தல். மண்ணை வெறுமனே விடமாட்டாள்; சருகும் சாணமும் போட்டு மூடியே வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் பெண்கள் செடிக்கு எது வந்தாலும் அவளிடம்தான் கேட்பார்கள். [இன்னும் நல்லவளாக்கலாமா? போதும்.]

அவரையில் அசுவினிப் பூச்சி அப்பிவிட்டது. புகையிலையை ஊறவைத்து, சோப்புக் கரைத்துக் காலையில் தெளித்தாள். வாளியில் மிச்சம் இருந்தது. கீழே கொட்ட மனசு வரவில்லை. ஏலச்செடித் தூரில் பூத்துக் கிடந்த பூக்களுக்கும் அடித்துவிட்டாள்.

(அடிக்குறிப்பு மாதிரி: அசுவினிக்குப் பெரும்பாலும் சோப்புத் தண்ணீரே போதும். பொறிவண்டு இருந்தால் அதுவே தின்றுவிடும். புகையிலை விஷம். செடியில் விளைந்தால் விஷம் இல்லையென்று ஆகிவிடுமா? பூவில் அடிக்கவே கூடாது. தோட்டக்குறிப்புக்காக வந்தவர்கள் இத்தோடு கிளம்பலாம்.)

3

பக்கத்து வீட்டு ஷிஜி தேனீ வளர்க்கிறவள். அன்று மதியத்துக்குள் பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் செத்துக் குவிந்தன. ஷிஜி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மேலே பெரிய ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவன் தங்கதுரை. அவள் வேறு யாரைச் சந்தேகப்படுவாள்? சூப்பர்வைசரிடம் போனாள். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. இனி வரவேண்டாம் என்று தங்கதுரையை நிறுத்திவிட்டார்.

தன் ஏலப்பூக்களுக்கு அடியிலும் தேனீக்கள் கிடந்ததைப் பார்த்தபோதுதான் இருதயம்மாளுக்குப் புரிந்தது. அவள் சருகை இழுத்து அவற்றை மூடினாள். [இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. நானும் மூடித்தான் இருப்பேன்.]

4

தங்கதுரை அவளிடமே வந்தான். அன்றைக்கு அவன் மருந்தடிக்கும் பம்பைத் தொடவே இல்லையாம்.

"யக்கா, நான் சொன்னா ஷிஜி நம்ப மாட்டா. மருந்தே தொடாதவுக நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவா."

"இரு, சீலைய மாத்திட்டு வாரேன்," என்று இருதயம்மாள் உள்ளே போனாள்.

5

முடிவு ஒன்று: "ஏட்டி ஷிஜி, நான்தான்," என்கிறாள். ஷிஜி அவளைக் கட்டிப்பிடித்து... [சே. பெட்டி காலியானவள் கட்டியா பிடிப்பாள்?]

முடிவு இரண்டு: வாயைத் திறக்காமல், யார் கொடுத்தது என்று தெரியாதபடி ஷிஜிக்குப் புதுத் தேனீக் கூட்டம் சேர்ப்பிக்கிறாள். ஷிஜிக்குப் பெட்டி நிறையும். தங்கதுரைக்கு?

முடிவு மூன்று: கூடவே போய், "தங்கதுரை செஞ்சிருக்க மாட்டான்," என்று மட்டும் சொல்கிறாள்.

"பின்ன யாரு, அக்கா?" என்கிறாள் ஷிஜி.

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. நீங்களே எழுதுங்கள். ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை தங்கதுரை வேலைக்குப் போகவேண்டும். இருதயம்மாள் ஒன்றும் சொல்லாமலே அது நடக்கும்படி யாராவது எழுதினால் எனக்கும் காட்டுங்கள். என்னால் முடியவில்லை.