மூடியைத் திறக்காதீர்கள்

அந்த ஆய்வகத்தின் இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் திறப்புவிழா. புதுக் கட்டடமோ, கழிப்பறையோ, கணினி வந்திறங்கிய அட்டைப்பெட்டியோ, தன் கையால் திறந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. கழிப்பறைப் படம் இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது.

கடைசி அறையில் வேலை பார்த்தவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. காஸ் அக்கா. நாள் முழுக்க சிலிண்டரும் குழாயுமாகத் திரிந்தால் வேறென்ன பெயர் கிடைக்கும். நாலு வருடமாக அவள் கட்டியது தையல் மெஷின் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. அதற்குள் ஆர்கானும் இன்னொரு வாயுவும் கலந்து நிரம்பியிருக்கும். நடுவில் தலைமுடி நுழையும் அளவுத் துளைகள் லட்சக்கணக்கில் போட்ட ஒரு மெல்லிய படலம். எக்ஸ்ரே உள்ளே வந்து வாயுவில் மோதினால் எலக்ட்ரான்கள் கழன்று, அந்தத் துளைகளுக்குள் முண்டியடித்துப் பெருகி, கண்ணுக்கு எட்டாத துளி வெளிச்சத்தைக் கக்கும். பக்கத்து இருட்டுக் கூண்டில் இருக்கும் கேமரா அதை அப்படியே படமாகப் பிடித்துவிடும். படம் எடுக்க வேண்டிய பொருளைப் பெட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வைத்தால் போதும். மூடியைத் திறக்கவே வேண்டாம். அதைத்தான் அவள் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி மூடிமேலேயே ஒட்டியிருந்தாள்.

புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இந்தக் கருவியைக் கேட்டிருந்தது. நோயாளிமேல் பாய்ச்சும் கதிர் சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று பார்ப்பதற்கு. மதிப்பீட்டுக் குழு ஒப்புக்கொண்டால் கருவி அங்கே போகும். இல்லையென்றால் நாலு வருடமும் மூலைக்குப் போகும், அறை காலியாகும். காலியானால் அங்கே ஒரு வரவேற்புக்கூடம் திறக்கலாமென்று இயக்குநர் ஏற்கெனவே ரிப்பன் நிறம்வரை யோசித்து வைத்திருந்தார்.

குழு வரும் நாள் காலை ஒன்பது மணிக்குச் சோதனைப் படம் பளிச்சென்று வந்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது இயக்குநர் உள்ளங்கையில் ஆறு திருகாணிகளோடு நின்றார். மூடி திறந்து கிடந்தது. போட்டோகிராபர் ஒரு காலை மடக்கிக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் திறந்தீங்க?"

"மூடியிருந்தா போட்டோல என்னம்மா தெரியும்? வெறும் டப்பா."

"எழுதி ஒட்டியிருக்கேனே சார்."

"அது ஸ்டாஃபுக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. அதற்குமுன் கோபம் வந்ததால் அழுகை நின்றது.

"உள்ள காத்து போயிடுச்சு சார். ஆக்ஸிஜன் எலக்ட்ரானையெல்லாம் முழுங்கிடும். மறுபடி காஸ் ஓட்டி அதை வெளியேத்த ஆறு மணி நேரம் ஆகும். பத்து மணிக்கு அவங்க வர்றாங்க."

"காத்துதானே போச்சு, என்னமோ பாம்பு போன மாதிரி பேசுற. போன மாசம் எடுத்த பல்லிப் படம் இருக்குல்ல, அதைப் போடு."

அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்த ஒரு பல்லியை அவள் போன மாதம் தட்டில் வைத்துப் படம் எடுத்திருந்தாள். விரல் எலும்பைக்கூட எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மூடியை இறுக்கி, வாயுவைத் திறந்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் அந்தப் பழைய படம் வரும்படி செய்து வைத்தாள். செய்யும்போதே கை கூசியது. உண்மையிலேயே வேலை செய்கிற கருவிக்குப் பொய் சொல்லிக்கொடுப்பதைப்போல ஒரு கேவலம் உண்டா என்று இருந்தது.

குழுத் தலைவி அறுபதைத் தாண்டிய மருத்துவர். தோளில் பயணப்பை, மாலை ஏழு மணிக்கு ரயில். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார், அம்மாள் முக்கால் மணி நேரமும் தட்டையே பார்த்தார். பிறகு அதே காய்ந்த பல்லியைத் தட்டில் வைத்தார்கள், திரையில் பல்லி வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாள் மட்டும் தட்டவில்லை. பயணப்பையில் தொங்கிய குட்டிப் பூட்டைத் திறந்து, சாவியைப் பல்லி இருந்த இடத்தில் வைத்தார்.

"இதை எடுத்துக் காட்டுங்க."

தன் பொய்யைத் தானே முழுசாக நம்பிவிட்ட இயக்குநர், "தாராளமா" என்று சொல்லித் தன் விரலாலேயே பொத்தானை அழுத்தினார்.

திரையில் பல்லி வந்தது.

இயக்குநர்தான் முதலில் சமாளித்தார். "முந்தின படத்தோட மிச்சம் கொஞ்ச நேரம் உள்ள தங்கும். வாயு இல்லீங்களா, மெதுவாத்தான் மறக்கும்."

அம்மாள் காஸ் அக்கா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

'அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துடு' என்று கணவன் காலையில் செருப்பு மாட்டும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவளை நாளைக்கே பழைய சாமான் கிடங்குக்கு மாற்ற இயக்குநரின் ஒரு கையெழுத்து போதும். தலை பாதி ஆடியும்விட்டது. அதற்குள் திரையில் இருந்த பல்லி கண்ணில் பட்டது.

"இல்லைங்கம்மா. இது போன மாசப் படம். நான்தான் போட்டு வெச்சேன், அது என் தப்பு. காலையில மூடியைத் திறந்துட்டாங்க, உள்ள காத்து இருக்கு. நாலு மணிக்கு வந்தீங்கன்னா உங்க சாவியைக் காட்டுறேன்."

"யார் திறந்தது?"

அவள் வால்வைப் பார்த்தாள். இயக்குநர் கூரையைப் பார்த்தார். போட்டோகிராபர் பாவம், விவரம் தெரியாத நல்ல மனிதர். கேமராவை அம்மாளிடம் நீட்டினார். "இதோ இருக்குங்க. திருகாணிகூடத் தெளிவா விழுந்திருக்கு."

நாலு மணிக்கு அம்மாள் தனியாக வந்தார். காஸ் அக்கா மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். துளைகளில் ஒரு தூசி விழுந்திருந்தாலும் போச்சு. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மெதுவாகச் சாவி வந்தது. பல் பல்லாக, வளையத்தில் மாட்டியிருந்த ஊக்கு முதற்கொண்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாள் பையிலிருந்த பூட்டையும் கழற்றி அவள் கையில் வைத்தார்.

கருவியை மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று அறிக்கை வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மூடிக்குப் பூட்டு வேண்டும், அதன் சாவி கருவியைக் கட்டியவளிடம் மட்டும் இருக்க வேண்டும். சாவியின் படத்தைச் சட்டம் போட்டு அந்த அறைச் சுவரில் மாட்டினார்கள். அதன் திரைச்சீலையை விலக்கித் திறந்து வைத்தவர் இயக்குநர்தான், வேறு யார்.

கருவி கிளம்பும் நாள் காலையில் அவர் போட்டோகிராபரோடு வந்தார். மூடியில் தொங்கிய அம்மாளின் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"கடைசியா ஒரு படம்மா. சாவி எங்க?"

அவள் குழாயைக் கழற்றிக்கொண்டே சுவரைக் காட்டினாள். "அங்க இருக்கு சார். நீங்கதானே திறந்து வெச்சீங்க."

அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்து, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.