நெருக்கியடித்துக் கிடந்த திரள்கள்

"சம்மதம்" மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். ஆய்வுக் கட்டுரை வெளியே போகுமுன் குழுவில் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கட்டுரை நகராது. அந்த ஆய்வுக்கூடத்தின் எழுதாத சட்டம் அது. இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை, யாருக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறது?

படிக்கிற காலத்தில் ராங்கி என்று பெயரெடுத்தவள் அவள். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெயருக்கு வேலையே வைக்கவில்லை.

கட்டுரை சொன்னது இதுதான். ஒரு விண்மீன் திரளின் நடுவிலிருக்கும் கருந்துளை மும்முரமாக விழுங்கத் தொடங்கினால், அதன் அனல் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கித் துரத்திவிடும். அப்புறம் அங்கே புது நட்சத்திரம் பிறக்காது. குழுத் தலைவரான பெரியவர் காலமெல்லாம் இதைத்தான் சொல்லிவருகிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நெருக்கியடித்துக் கிடந்த திரள்களை எல்லாம், பக்கத்துத் திரளின் வெளிச்சம் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்று குழு ஆரம்பத்திலேயே ஓரங்கட்டியிருந்தது. போன மாதம் அவள் பிடிவாதமாக உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தாள். அடேயப்பா! நடுவில் கருந்துளை கொதித்துக்கொண்டிருக்க, ஓரத்தில் நட்சத்திரங்கள் அவைபாட்டுக்குப் பிறந்துகொண்டிருந்தன. கருந்துளை துரத்தத் துரத்த, அக்கம்பக்கத்துத் திரள்களிலிருந்து புது வாயு வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். அதையெல்லாம் அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் முடித்துவிட்டார்.

அவளுடைய வேலை நீட்டிப்பு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. தலையாட்டிவிட்டு வந்துவிடு என்று காலையில் வீட்டுக்காரர் கெஞ்சாத குறையாகச் சொல்லியனுப்பினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு வேலை போனதிலிருந்து வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

முறை வந்தது.

"எனக்குச் சம்மதம் இல்ல சார்."

பெரியவர் கோபப்படவில்லை, குழந்தையிடம் பேசுவதுபோல் சிரித்தார்.

"உன் நீட்டிப்பு விஷயம் ஞாபகம் இருக்காம்மா?"

அந்த 'அம்மா'தான் அவளைச் சுட்டது.

"இருக்கு சார். அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. ஒதுக்கின திரள்களையும் சேருங்க. இல்லன்னா, தனியா கிடக்கிற திரள்களுக்கு மட்டும்தான் இந்த முடிவுன்னு தலைப்புலயே போடுங்க. ரெண்டும் முடியாதுன்னா கட்டுரை இங்கேயே கிடக்கட்டும்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டுமே, அதனால் என்ன. மடிக்கணினியைத் திருப்பி, புரொஜெக்டர் கம்பியைச் செருகி, தான் வெளிச்சம் பிரித்த திரளின் படத்தைச் சுவரில் விழவைத்தாள். அறை வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தது. விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்த்தாள். துணைத்தலைவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை.

அவளே எழுந்து போய் அணைத்தாள். வெள்ளைத் திட்டின் ஓரமெங்கும் புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்களின் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. இருட்டில் பெரியவர் மேசைமேல் கையால் துழாவித் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது.