பஞ்சு என்றொரு பந்தயக் கார்

கண்காட்சிக் கூடத்தின் நடுவில், சுற்றிலும் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் அந்தச் சிவப்புப் பந்தயக் காரை. அதன் மூக்கில் வெள்ளை எழுத்தில் 'பஞ்சு' என்று எழுதியிருக்கிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்வார்கள். எடையே கிடையாது, பஞ்சாகப் பறக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். கூடவே எல்லாம் தெரிந்த மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொள்வார்கள். உண்மையில் அது நல்ல கனம். நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளினால்தான் நகரும்.

அது பிறந்த பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்கு யாரும் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைக்கக் கூடாது. முதல் சுற்று ஓட்டிவிட்டு இறங்குகிறவன் வாயிலிருந்து முதலில் எந்தச் சொல் விழுகிறதோ, அதுதான் பெயர். பட்டறைக்குச் சொந்தக்காரரான அப்பா போட்ட சட்டம். மாற்றச் சொன்னால் ஸ்பானர் பறக்கும். அப்படித்தான் ஒரு வண்டி 'அடேயப்பா' ஆனது. இன்னொன்று 'தண்ணி'. மூன்றாவது 'முதுகு'. அந்த 'முதுகு' கோப்பை வாங்கிய அன்று, பரிசு கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல முடியாமல் சிரித்துத் தொலைத்தார். மூன்றையும் முதலில் ஓட்டியது அவர் பிள்ளைகளில் அண்ணன். மூன்றுக்கும் இருக்கை தைத்தது தங்கை.

பந்தய வண்டியின் இருக்கை சாய்ந்து கதை பேசுவதற்கானது அல்ல. கத்திக்கு உறை மாதிரி, ஓட்டுகிறவனின் இடுப்பையும் விலாவையும் இறுகப் பிடிக்க வேண்டும். வளைவில் உடம்பு ஆடினால் கை பிசகும். "சீட்டுல நான் ஆடுற அன்னிக்கு இறங்கிடுவேன். அப்புறம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது" என்று அண்ணன் எப்போதும் சொல்வான். ஆனால் தங்கை தைத்த இருக்கையில் அவன் ஆடியதே இல்லை. அவளுக்குக் கண்ணே அளவுகோல். டேப்பைத் தொடவே மாட்டாள். அவள் கண் தப்பாது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

நாலாவது வண்டிக்கு இருக்கை தைத்து முடித்திருந்தாள். இன்ஜின் வேலைதான் பாக்கி. அப்போதுதான் அண்ணனுக்கு வயிற்றில் அந்த நோய் வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்தில் வலி குறையும், நோய் குறையாது என்றார். அண்ணன் கேட்டது ஒன்றுதான். "இந்த வண்டியை ஒரு சுத்து ஓட்டிட்டுப் போயிடறேன்பா. பேர் வைக்க ஆள் வேணாமா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்த இன்ஜின்தான்.

அண்ணன் கரையத் தொடங்கினான். சட்டை தோளிலிருந்து நழுவியது. தங்கை அதைப் பார்த்தாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் இவன் ஆடுவான், ஆடினால் இறங்கிவிடுவான். சொன்ன சொல்லை மாற்றாத பிடிவாதக்காரன். ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு சுற்றும் இல்லாமல் போய்விடும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தோலைப் பிரித்து, விலாப் பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தாள். சில நாளில் சாப்பாட்டு மேஜையில் எதிரே அவனைப் பார்த்தாள், மறுபடியும் பிரித்தாள். அவன் இளைக்கிற வேகத்துக்கு அவள் ஊசி ஓடவில்லை. கடைசியில், வண்டி தயாராகும் நாளில் அவன் எப்படி இருப்பான் என்று மனசுக்குள் உருவம் கட்டி, அந்த உடம்புக்கே தைத்துவிட்டாள். கூடப் பிறந்தவனை அப்படி நினைத்துப் பார்த்த பாவத்துக்கு, தைத்து முடிக்கும்வரை அழுதாள்.

அவள் கணக்கில் வராதது ஒன்று இருந்தது. மகனுக்காக அப்பா தூக்கத்தை விட்டு வேலை பார்த்ததில், வண்டி சொன்ன நாளுக்கு வெகு முன்னாலேயே தயாராகிவிட்டது.

டிராக்கில் அண்ணன் திணறித் திணறித்தான் உள்ளே இறங்கினான். ஒரு சுற்று ஓட்டினான். பழைய அண்ணனாகவே ஓட்டினான். திரும்பி வந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். பெயர் எழுத வந்த பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு" என்றான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் தங்கையைப் பார்த்துச் சிரித்தான். "பஞ்சு ஜாஸ்திடி. மூச்சு முட்டுது. நான் இன்னும் அவ்வளவு இளைக்கல."

தங்கை தன்னை எவ்வளவு தூரம் இளைத்தவனாக மனசில் வைத்துப் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. "அப்பா, இந்தப் பேர் வேணாம்பா. உங்க காலைப் பிடிக்கிறேன்" என்று கெஞ்சினாள். முதல் தடவையாக அப்பா தயங்கினார்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். நீங்க எழுதுங்க" என்று பெயிண்டரிடம் சொன்னான் அண்ணன்.

"அப்ப பஞ்சையாவது எடுத்துடறேண்ணா."

"விடுடி. எதுக்கு ரெட்டை வேலை? கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அதன்பிறகு அவன் ஓட்டவில்லை. ஒரு மத்தியானம், தன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போகச் சொன்னான். அப்பாவும் பெயிண்டரும் அவனைத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடம்பை அசைத்துப் பார்த்தான். இம்மியும் ஆடவில்லை. தங்கையைக் கிட்டே கூப்பிட்டான்.

"இப்ப கச்சிதமா இருக்குடி" என்றான்.

அவள் கண் அந்த முறையும் தப்பவில்லை. ஒரே ஒரு தடவை தப்பித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அந்தக் கண்ணைத்தான் அவள் சபிக்கிறாள்.