சொல்லக் கூடாத இடம்

வெர்னா ஹாலன்பெக் முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். அந்தத் தொண்டையும் அந்தக் கோபமும் ஓய்வு பெற்ற பிறகும் அப்படியே இருந்தன. அன்று காலை காப்பிக் குவளையை மேசையில் வைத்த வேகத்தில் பாதிக் காப்பி வெளியே வந்துவிட்டது.

"சனிக்கிழமை லாரி வருது, வெர்னா. அவ கிளம்பிப் போயிட்டா அப்புறம் அரிசோனாதான். போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்," என்றான் அவள் கணவன் லைல். போகிறவள் ஜாய்ஸ், அவனுடைய சொந்தத் தங்கை. கேட்ஸ்கில்லில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறாள்.

"நான் எதுக்குப் பேசணும்? அவளுக்கு வாய் இல்லையா? அந்த ஓட்டை வாயாலதானே எல்லாம் நாசமாப் போச்சு!"

லைல் பெருமூச்சு விட்டான். "சரி, எங்க கிளம்பிட்ட?"

"மீன் பிடிக்க."

"மேல மலையில மூணு நாளா மழை கொட்டுது. இன்னிக்கு ஆறு திரும்பாது."

"எனக்கே ஆத்தைப் பத்திப் பாடம் எடுக்கறியா?" என்று மிதவை ட்யூபைத் தூக்கி வண்டியில் போட்டாள்.

இந்த இடத்தில் ஹட்சன் ஆற்றுக்குக் கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது. இருந்தாலும் கடல் ஏறினால் இந்த ஆறும் வடக்கே பார்த்து ஓடும், கடல் வற்றினால் தெற்கே ஓடும். ட்யூபில் மீன் பிடிக்கிறவர்களுக்கு இதுதான் வாகனம். வற்றத்தோடு கீழே போய், ஏற்றத்தோடு வீடு திரும்பலாம். காற்றடைத்த அந்த மிதவையில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, நீர் புகாத கால்சட்டைக்கு மேல் துடுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு காலை உதைத்தால் போகும். என்ன, பின்னோக்கித்தான் போகும். போன வழி தெரியும், போகிற வழி தெரியாது.

தண்ணீர் கலங்கித் தேநீர் நிறத்தில் இருந்தது. வெர்னா கப்பல் போகிற நடு ஆற்றுப் பக்கம் போகாமல் கரையோரமாகவே மிதந்தாள். ஜூன் மாத வெயில் முதுகில் இதமாக விழுந்தது. அக்கரையில் ரயில் ஒன்று போனது. நாரை ஒன்று அவளைப் பார்த்தும் பார்க்காதது போல் நின்றது. மனசு மட்டும் அமைதியாக இல்லை. சனிக்கிழமை, சனிக்கிழமை என்று அடித்துக்கொண்டே இருந்தது.

பழைய ஐஸ் கிடங்கின் செங்கல் புகைபோக்கி இடிந்து சாய்ந்து நிற்கிற இடம்தான் அவர்களுடைய இடம். அவளும் ஜாய்ஸும் தேடிக் கண்டுபிடித்தது. தண்ணீருக்குள் பழைய படகுத்துறையின் முட்டு மரங்களும் பாறையும் கிடக்கும், அவற்றின் நிழலில் சின்னவாய் பாஸ் மீன்கள் படுத்திருக்கும். கையளவு மீன்கூடப் பேய் பிடித்தது போல இழுக்கும், தண்ணீரைவிட்டு எகிறிக் குதிக்கும். இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க வருவார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கோடையில் திடீரென்று படகுகள் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தைக்கடைதான். இடத்தை யார் சொன்னார்கள்? இரண்டே பேருக்குத்தான் தெரியும். வெர்னா சொல்லவில்லை. அப்படியென்றால்?

"நான் இல்லடி" என்று ஜாய்ஸ் ஆரம்பித்தாள். வெர்னா அதற்கு மேல் கேட்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு லைல் மட்டும் போய்வந்தான்.

ஜாய்ஸை மனசு தேடுகிறது என்பதை வெர்னா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தேடியது. பெரிய மீன் மாட்டும்போதெல்லாம் வாய் தானாக "ஜாய்ஸ்!" என்று கத்தப் போகும், அவளே அடக்கிக்கொள்வாள்.

புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்ததும், ஒரு முட்டு மரத்தைப் பிடிப்பதற்காகக் காலை உதைத்துப் பின்னால் போனாள். மெத்தென்று எதன் மீதோ முட்டியது.

"எந்த மடையன் அது? கண்ணு முதுகுலயா இருக்கு?" என்றது ஒரு குரல்.

"முதுகுல இருந்திருந்தா நான் ஏன் முட்டப் போறேன்?" என்று வெர்னா திரும்பினாள். முதுகுக்கு முதுகு இன்னொரு ட்யூப். அதில் ஜாய்ஸ், தலையில் அதே பழைய பச்சைத் தொப்பி.

"ஓ. நீயா," என்றாள் ஜாய்ஸ்.

"நான்தான். லாரிக்குச் சாமான் கட்டலையா?"

"கட்டிக் கட்டி அலுத்துப் போச்சு. கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

வெர்னா பக்கத்து மரத்தில் கயிற்றைச் சுற்றினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துத் தூண்டிலை வீசினார்கள். ஏற்றம் வர வேண்டிய நேரம் வந்தது. தண்ணீர் மரத்தில் மெல்ல உயரத்தான் செய்தது, ஆனால் மலையிலிருந்து வந்த மழை வெள்ளத்தில் ஓட்டம் திரும்பவில்லை. மிதந்து வந்த இலைகள் இன்னும் தெற்கேதான் போய்க்கொண்டிருந்தன. லைல் சொன்னது சரிதான் என்று நினைத்தபோது வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்த்து உதைத்துப் போக இந்த வயதில் கால் கேட்காது. கரையிலோ இடுப்பளவு சேறு.

"மாட்டிக்கிட்டோம்," என்றாள் ஜாய்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நீ மாட்டிக்கிட்ட. நான் காத்துட்டிருக்கேன்."

அப்போது ஒரு சின்ன மோட்டார் படகு வந்தது. புத்தம்புதுத் தொப்பி போட்ட ஒரு மனிதர் வேகத்தைக் குறைத்தார். "உதவி வேணுமாம்மா?" என்று கேட்டவர், வெர்னாவை உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட! நீங்கதானே அது? தூண்டில் கடைப் படத்துல இருக்கிறவங்க!"

வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிற படம். ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். அங்கேதான் மாட்ட வேண்டும் என்று அவளே நின்று ஆணி அடிக்க வைத்தது. "ஆமா, நான்தான்," என்றாள்.

"நான் ஆல்பனில பல் டாக்டர். ப்ரெட்னு பேரு. உங்களுக்குப் பெரிய நன்றி சொல்லணும். இந்த இடமே உங்களாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

"என்னாலயா?"

"படத்துல உங்க பின்னாடி அந்தப் புகைபோக்கி தெரியுதே! சாஞ்ச புகைபோக்கி ஆத்துல வேற எங்க இருக்கு? நானும் என் நண்பனும் அதைப் பாத்துட்டு அப்பவே தேடி வந்தோம். அப்புறம் ஊரே வந்துடுச்சு."

வெர்னாவின் காது சூடாகியது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்த புகைபோக்கி அங்கேதான் நின்றது. ஜாய்ஸ் தன் தூண்டில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நம்ம பேச்சு நின்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். புழு வாங்கப் போனப்ப சுவத்துல பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"படத்தை எடுத்ததே நான்தானே! புகைபோக்கியும் சேந்து விழற மாதிரி எடுத்தது என் கை. அதுவும் போக, நீ அப்படிச் சிரிச்சு நான் வேற எங்கயும் பாத்ததில்ல. நான் சொன்னா அதைக் கழட்டிக் கிழிச்சிருப்ப. உன்னைத்தான் எனக்குத் தெரியாதா?"

பல் டாக்டருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. "வேணும்னா ரெண்டு பேரையும் கட்டி இழுத்துட்டுப் போய் மேல விட்டுடறேனே," என்றார் தயங்கித் தயங்கி.

வெர்னா இதுவரை யார் நீட்டிய உதவிக் கயிற்றையும் பிடித்ததில்லை. இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள், அதுவும் மறைக்காமல். "நான் ஒரு கழுதை, ஜாய்ஸ். என்னை மன்னிச்சுடு."

"கழுதைன்னு உனக்கே தெரிஞ்சாச் சரி," என்றாள் ஜாய்ஸ். அவள் குரலும் உடைந்துதான் வந்தது.

"இன்னும் இருக்கு, கேளு. அந்த மீனை நான் இங்க பிடிக்கல."

"என்னது?"

"கீழ, குளிர்ந்த ஓடை வந்து சேருதே, அங்க மூழ்கின தோணி ஒண்ணு கிடக்கு. அதுக்குப் பின்னாடி பிடிச்சேன். வலையில போட்டு இங்க இழுத்துட்டு வந்து, இங்கதான் பிடிச்சேன்னு உன்கிட்டயே புளுகினேன். லைலுக்குக்கூடத் தெரியாது. உன்னைத் துரோகின்னு ஊரெல்லாம் சொன்னேன். ஒளிச்சவ நான்தான்."

ஜாய்ஸ் வெடித்துச் சிரித்தாள். "அப்ப இந்த டாக்டர் இத்தனை வருஷமா தப்பான இடத்துலயா தூண்டில் போட்டுட்டிருக்காரு!"

டாக்டர் பாவம், அவரும் சிரித்து வைத்தார்.

"நீங்க கொஞ்ச நேரம் கழிச்சு ஓடைப் பக்கம் வந்து எங்களை இழுத்துட்டுப் போங்க," என்றாள் வெர்னா அவரிடம்.

"அவருக்கும் இடம் தெரிஞ்சுடுமேடி."

"தெரியட்டும். நீ போய் யார்கிட்ட வேணா சொல்லு."

"அரிசோனால யார்கிட்ட சொல்றது, கள்ளிச் செடிகிட்டயா?" என்று ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கயிற்றை அவிழ்த்தார்கள். திரும்பாத ஆறு இரண்டு ட்யூபையும் கீழே எடுத்துக்கொண்டு போனது. உதைக்க வேண்டிய வேலையே இல்லை. ஜாய்ஸ் தன் ட்யூபைச் சுழற்றி வெர்னாவுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தாள். போகும் வழியெல்லாம் மகனைப் பற்றியும், அரிசோனா வெயிலைப் பற்றியும், போவதற்குப் பயமாக இருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். வெர்னா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

ஓடை வாயில் தண்ணீர் காலில் சில்லென்று பட்டது. தோணியின் கறுத்த முனை மட்டும் வெளியே தெரிந்தது. "அதுக்கு ரெண்டு கை தள்ளி, நிழலுக்குள்ள போடு," என்றாள் வெர்னா.

"நீ போடலையா?"

வெர்னா தூண்டிலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். "நீ போடு. நான் பாக்கறேன்."