அண்ணன் வெட்டி ஒதுக்கிய வசனம்

என் அண்ணன் டிவி செய்தியில் எடிட்டர். சிரிக்கிற அமைச்சரையும் அழுகிற ஜனங்களையும் ஒரே நிமிடத்தில் கோத்துத் தருகிற ஆள். அந்தத் திறமை தலைக்கேறி, குர்ஆனையும் சும்மா விடவில்லை. வசனங்கள் ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றனவாம், சாதாரண மனிதனுக்குப் பிடிபடாதாம். நல்லவேளை, இத்தனை காலம் கழித்தாவது ஒழுங்குபடுத்த என் அண்ணன் வந்து பிறந்தான். கம்ப்யூட்டரில் தலைப்புவாரியாக வெட்டி ஒட்டி, தாளில் அச்செடுத்தும் வைத்துக்கொண்டான். தொழுகை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம், தலாக் ஒரு பக்கம்.

தலாக் பக்கத்துக்கு முதல் வாடிக்கை நான்தான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியூர் வேலைக்குத் தலையாட்டிவிட்டு வந்த கணவரோடு சண்டை போட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லை. வீம்புக்கு மட்டும் இருவரிடமும் குறைவில்லை. முடித்துக்கொள்ளலாம் என்று பேச ஒரு நாள் அவர் வந்தார். சோபாவின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான், நடுவே நாற்காலி போட்டு அண்ணன். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று தன் தாளை எடுத்து, செய்தி வாசிக்கிற தோரணையில் அரபியில் ஓதி அர்த்தமும் சொன்னான். உங்களுக்குள் பெருந்தன்மையை மறந்துவிடாதீர்கள் என்று முடிகிற வசனத்தை ஓதியவன், மூச்சுவிடாமல் விவாகரத்தான பெண்ணுக்குத் தர வேண்டியதற்குத் தாவினான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். நானும் அவரும் சின்ன வயதிலேயே அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்தவர்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வாயில் வந்து நிற்கும். வந்தது. இருவர் வாயிலும் ஒரே நேரத்தில், தொழுகைகளைப் பேணிக்கொள்ளுங்கள் என்ற வசனம்.

அண்ணன் எரிச்சலோடு தாளைப் புரட்டினான். "அதைத் தொழுகைப் பக்கத்துல போட்டிருக்கேன். இங்க அதுக்கு என்ன வேலை?"

கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால அசர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஓதிய வாயோடு மறுக்கவா முடியும்? கைகால் முகம் கழுவி உளூ செய்துவிட்டு நின்றோம். முன்னால் அவர், பக்கத்தில் அண்ணன், பின்னால் நான். நெற்றி தரையில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலாக் பேச்சுக்கு நடுவே தொழுகை எதற்கு என்பது, சண்டை போட்டுக் களைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியவர் கண்ணும் சிவந்திருந்தது.

"உன்னைக் கேக்காம முடிவு பண்ணினது தப்புதான். வீட்டுக்குப் போய்ப் பேசலாமா?"

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுவது என்று இருந்தேன். எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது அண்ணன் தாளும் கையுமாகப் பின்னாலேயே வந்தான்.

"அப்போ அந்த வசனத்தை எந்தப் பக்கத்துல சேக்கறது?"

"இருந்த இடத்துலயே விட்டுடுண்ணே."