கதவு டூட்டி

முரளிதரனுக்கு வீட்டில் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வேலை. யாரையும் உள்ளே விடக் கூடாது.

ஆறு வயது மகள் ஷ்ருதிக்கு ரத்தப் புற்றுநோய். போன வாரம் ஏற்றிய மருந்து அவள் வெள்ளை அணுக்களை அநேகமாகத் துடைத்தே விட்டது. பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் ஐ.சி.யூ.தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை, வாந்தி, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் மனைவி ஜலஜா. ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்து, நர்ஸுகள் குழந்தையை விட்டுவிட்டுத் தன்னைத் தூக்கும்படி செய்த மாவீரன் முரளிதரன். "கதவு உங்க டூட்டி" என்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள். நாய்கூடச் செய்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. திறந்தான். அவனுடைய துபாய் ஆபீஸ் மேனேஜர் சேதுமாதவன் லட்டு டப்பாவோடு நின்றார். பக்கத்தில் பட்டுப் புடவையில் அவர் மனைவி சந்திரகலா.

"வாங்க வாங்க" என்றது முரளிதரனின் வாய். மூளையைக் கேட்கவே இல்லை. கொள்ளைக்காரன் வந்து நின்றாலும் "காபி சாப்பிடறீங்களா" என்று விசாரிக்கிற வம்சம்.

உள்ளே படுக்கையறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. ஜலஜாவின் அபிப்பிராயம்.

நோயாளியைப் பார்க்கக் கிளம்பும் நம்மவர்களை யாராவது ஆராய்ச்சி பண்ண வேண்டும். வாசலில் முகத்தைத் தொங்கப்போடுவார்கள். சோபாவில் சாய்ந்ததும் டாக்டராகிவிடுவார்கள். காபி வந்ததும் செத்துப்போனவர்கள் கதை.

"பப்பாளி இலைச் சாறு குடுத்துப் பாத்தீங்களா?" சந்திரகலா இருமினாள். "எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் பேத்திக்கும் இதே வியாதிதான்."

"இப்ப எப்படி இருக்கா?"

"அது... வேற டைப்பு."

சேதுமாதவன் பேச்சை மாற்றினார். "பர் துபாய் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு நேரா வர்றோம் முரளி. என்னா கூட்டம்! மூச்சு விட முடியல."

"இருமலா மேடம்?"

"ஏசி ஒத்துக்கல. காய்ச்சல் வேற. மனசு கேக்கல, அதோடயே வந்துட்டேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. "டாடி, கெஸ்ட்டா? கேன் ஐ கம்?"

சந்திரகலா விபூதிப் பொட்டலத்தோடு எழுந்துவிட்டாள். "குழந்தையே கூப்பிடறா. ஒரு கீத்து வச்சிட்டு வந்துர்றேன்."

அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழந்தை உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று கழற்றிப்போட்ட புத்திசாலியும் முரளிதரன்தான். பாய்ந்து போய்க் கையை விரித்து மறித்தான். கபடியில் ஒருவரையும் பிடித்ததில்லை.

"வேண்டாம் மேடம். உங்க காய்ச்சல் ஒட்டிச்சுன்னா அவ பிழைக்க மாட்டா."

"சாமி பிரசாதம்ப்பா. சாமி கொல்லுமா?"

"சாமி கொல்லாது. நீங்கதான்."

சேதுமாதவன் எழுந்தார். ஷ்ருதியின் மருந்தெல்லாம் ஓடுவது இவர் கையெழுத்துப் போடும் கம்பெனி இன்சூரன்ஸில் என்பது முரளிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் விரித்த கை இறங்கவில்லை.

"பெரியவங்களுக்கு இதான் மரியாதையா முரளி?"

"போயிட்டு வா..." என்று ஆரம்பித்த நாக்கைக் கடித்துக்கொண்டான். "போங்க சார்."

அதைவிடப் பெரிய வசவு அவனுக்குத் தெரியாது. அவர்களுக்குப் புரிந்தது. லட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெற்றி வீரன் படுக்கையறைக் கதவில் கை வைத்தான்.

"உள்ள வராதீங்க," என்றாள் ஜலஜா. "அதுங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? போய்க் குளிங்க. ரெண்டு நாளைக்கு ஹால்லதான்."

நியாயம். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான்.

"டாடி, ஆன்ட்டி ஏன் போய்ட்டாங்க?"

"அப்பா தொரத்திட்டேன் கண்ணா."

"நீயா? லையர்!"

"சத்தியமா."

நம்பவே இல்லை. மருந்து ஏறியதிலிருந்து சிரிக்காத குழந்தை, அம்மாவையும் சேர்த்துக்கொண்டு அவனைக் கேலி செய்து சிரிப்பது கதவு வழியாகக் கேட்டது.